கேரட்டுக்கு ரிசார்ட் தண்ணீர் விடலாமா?

நீலகிரியில் கேத்தி பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளையும் போடுகிறீர்கள், மேலே இருக்கிற ரிசார்ட் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் போட்டு இலவசமாகத் தருகிறேன் என்கிறது, வாங்கலாமா, விதி என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேரட்டுக்கு வேண்டாம். உருளைக்கு, தண்ணீர் பரிசோதனையில் தேறினால் வாங்கலாம். வெட்டுப்பூவோ தீவனப்புல்லோ போட்டால் கவலை குறைவு. பயிருக்குப் பயிர் பதில் ஏன் மாறுகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

நானும் இந்த மலையில் காய்கறி போடுகிறவன்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், கிணறு அடி மண்ணைக் காட்டியபோது, பக்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து இதே மாதிரி தண்ணீர் வாங்கினேன். பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் தெளிவாக இருந்தது, வாடையும் இல்லை. மூன்று வாரம் ஸ்பிரிங்க்ளரில் ஓட்டினேன். களையெடுக்க வரும் அக்கா ஒருவர், "தம்பி, இந்தத் தண்ணி பட்டா கை அரிக்குது" என்று காட்டினார். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. அதற்கு அப்புறம்தான் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்தேன். கிருமி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கால் ஏக்கர் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப மனசு வரவில்லை, கொத்திப் புதைத்துவிட்டேன். அரிப்புக்குக் காரணம் கிருமியா, குளோரினா, சோப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பரிசோதிக்காமல் வாங்கியது என் தப்பு.

சரி, விதிக்கு வருவோம். ரிசார்ட் உங்களிடம் ஒரு பரிசோதனைத் தாளை நீட்டும். பிஓடி 20 அல்லது 25 என்று இருக்கும், எல்லாம் வரம்புக்குள் என்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்குதான் பிஓடி. 1986ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தர அளவு, ஓடையில் விட்டால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்துக்குப் பாய்ச்சினால் 100 வரை என்கிறது. கவனியுங்கள், நிலத்துக்குத்தான் தளர்வு. அது ஓடையையும் மண்ணையும் நினைத்து எழுதியது. அந்த மண்ணில் விளைவதைத் தின்பவரை அது கணக்கில் எடுக்கவில்லை, அந்தப் பட்டியலில் மலக்கிருமிக்கு வரம்பே கிடையாது.

சுத்திகரிப்பு நிலையங்களுக்கென்று 2017 அக்டோபரில் வந்த அறிவிக்கை, ஃபீக்கல் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, 100 மில்லிக்கு 1,000க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. அதுவும் நிலையத்திலிருந்து வெளியே விடுவதற்கான வரம்புதான். பயிர்வாரியாகப் பேசுவது மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2013 கழிவுநீர்க் கையேடு. இந்தக் கிருமி சமைத்துச் சாப்பிடும் பயிருக்கு 100 மில்லிக்கு 230 வரை, பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கு இருக்கவே கூடாது என்கிறது. கையேடு பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனாலும் நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

குன்னூர் ரோட்டுக் கடைகளில் கேரட்டைத் தழையோடு கட்டி அடுக்கியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். வண்டியை நிறுத்தி வாங்குகிறவர்கள் கர்ச்சீப்பால் ஒரு துடை துடைத்துவிட்டு அங்கேயே கடிக்கிறார்கள். பின்சீட்டில் இருக்கிற குழந்தைக்குத்தான் முதல் கேரட் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி, பச்சையாகச் சாப்பிடும் வேர்க்காய்களைத் தனியாகக் குறிப்பிட்டு, மிகக் கடுமையான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது: ஈ.கோலை என்கிற மலக்கிருமி 100 மில்லிக்கு 10க்குள். சொட்டுநீர் போட்டாலும் அதற்குச் சலுகை இல்லை, தின்கிற பகுதியே மண்ணுக்குள் இருக்கிறதே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி எனக்கு இன்னும் பிடிக்கும். சுத்திகரிப்பு, கடைசித் தண்ணீருக்கும் அறுவடைக்கும் இடைவெளி, கழுவுதல், தோல் சீவுதல், சமைத்தல் என்று ஒவ்வொன்றையும் ஒரு வேலியாகக் கணக்கிடுகிறது. நல்ல தண்ணீரில் கழுவினால் கிருமியில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். சமைத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். உருளை அடுப்பைப் பார்க்காமல் யார் தட்டுக்கும் போவதில்லை, அதனால்தான் அதற்கு ஒரு பதில், கேரட்டுக்கு வேறு பதில்.

நம் மலைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. சமவெளியில் வெயில் கிருமியைச் சீக்கிரம் கொல்லும், இங்கே குளிரும் மூட்டமும் அதைக் காப்பாற்றிவிடும். குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். டிசம்பர், ஜனவரி குளிரில் சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடும். ஏப்ரல், மே சீசனில் ரிசார்ட் நிரம்பி வழியும், நிலையம் திணறும். நமக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே அவர்கள் காட்டும் தாள் ஆகஸ்ட் மாதத்துடையது என்றால் அதை ஓரமாக வையுங்கள். விடியற்காலையில் உறைபனியைக் கழுவ ஸ்பிரிங்க்ளர் ஓட்டும் பழக்கம் இருந்தால், அதற்கு இந்தத் தண்ணீர் கூடவே கூடாது.

உப்பையும் பாருங்கள். காய்கறிகளில் உப்பைத் தாங்காதவற்றில் கேரட் ஒன்று. ரிசார்ட்டில் துணி துவைக்கிற தண்ணீரும் சேர்ந்தால் சோடியமும் போரானும் ஏறும். தழைச்சத்தும் இருக்கும்: லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விடும்போது சுமார் 1.2 கிலோ நைட்ரஜன், அதாவது இரண்டரை கிலோ யூரியா. உருளைக்கு எடுத்தால் உரத்தில் அதைக் கழித்துவிடுங்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியம் ரிசார்ட்டுக்குக் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். சுத்திகரித்த தண்ணீரை எங்கே விட வேண்டும் என்று அதில் இருக்கும். சொந்த வளாகத்துப் புல்வெளிக்கு என்று மட்டும் இருந்தால், உங்கள் நிலத்துக்குக் குழாய் போட அதில் இடமில்லை.

மாதிரியை நீங்களே எடுங்கள். அதுவும் நிலையத்தின் குழாயில் வேண்டாம், உங்கள் தோட்டத்து முனையில் பிடியுங்கள், நடுவில் தொட்டியில் தங்கும்போது கிருமி மறுபடி பெருகும். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் குளோரினை முறிக்கும் பொடி கொஞ்சம் இருக்கும், அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். பாட்டிலின் உள்பக்கம் விரல் படாமல், கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். சீசனில், ஆட்கள் நிரம்பிய வாரக்கடைசி முடிந்த திங்கள் காலையில் எடுத்த மாதிரி தேறினால் எனக்கு நம்பிக்கை வரும். ஃபீக்கல் கோலிஃபார்ம், குடற்புழு முட்டை, உப்பு, சோடியம், போரான் இவ்வளவும் கேளுங்கள். புழு முட்டையை எல்லா ஆய்வகத்திலும் பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

உருளைக்கு விடும்போதும் ஸ்பிரிங்க்ளர் வேண்டாம், சொட்டுநீர் போதும். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள். அந்தக் குழாய்க்கு வேறு நிறம் அடித்து, குடிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதி வையுங்கள். நல்ல தண்ணீர்க் குழாயோடு எங்கேயும் இணைக்காதீர்கள்.

உங்கள் தோட்டத்துக்குக் கீழே ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுக்கும் வீடுகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தச் சரிவுப் பாத்திகளுக்கு இந்தக் குழாயை இழுக்க வேண்டாம்.