பயம் தெளியட்டும்னு காத்திருக்கலாமா? கேள்வி பதில்

தொழில், ஊர், வீடு மாறும்போது வர்ற பயம் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க கேட்டதும், அதுக்கான பதிலும்.

சோமனூர்: பழைய விசைத்தறி எட்டையும் எடைக்குப் போட்டுட்டு ரேப்பியர் தறி (நாடா இல்லாம ஓடற புது மாதிரித் தறி) ரெண்டு போடலாம்னு இருக்கறனுங்க. லோன் நினைப்புல ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுது. தைரியம் வர்ற வரைக்கும் தள்ளிப் போடட்டுங்களா?

கணக்கும் பயமும் ஒண்ணாக் கலந்து கிடக்குதுங்க. முதல்ல கணக்கைக் காகிதத்துல பிரிங்க. மாசத் தவணை எவ்வளவு? கூலிக்கு ஓட்டினா கையில என்ன நிக்கும்? நெய்யறதுக்குப் பாவு நூல் வராம மூணு மாசம் தறி நின்னா தவணை எங்கிருந்து வரும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா உங்க பயம் சரியாத்தான் சொல்லுது. ஒரு தறியோட ஆரம்பிங்க. பதில் இருந்தும் தூக்கம் வரலைன்னா, தள்ளிப் போடப் போட பயம் வளரத்தான் செய்யும்.

கவலைக்குன்னு தினமும் சாயங்காலம் 6 மணிக்கு 20 நிமிஷம் ஒதுக்குங்க. நோட்டுல ஒரு பக்கம் நாளைக்குச் செய்யக்கூடியது, மறுபக்கம் நம்ம கையில இல்லாதது. கட்டில்ல உட்கார்ந்து எழுத வேண்டாம். ராத்திரி நினைப்பு வந்தா "ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்"னு தள்ளிடுங்க. 20 நிமிஷம் போலப் புரண்டும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற அறையில மங்கின வெளிச்சத்துல உட்காருங்க, கண்ணு சொக்கினதும் படுங்க. கடிகாரம் பாக்காதீங்க. எப்பத் தூங்கினாலும் காலையில எந்திரிக்கற நேரம் மாறக்கூடாது. ஆரம்பத்துல அசதி கூடும். நிறையப் பேர் அங்கதான் விட்டுடறாங்க.

அவிநாசி: கல்யாணமாகி இங்க வந்தேனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை கிடைச்சிருக்கு. தனியா பஸ் ஏறணும்னாலே கை கால் நடுங்குது.

அம்மணி, படி படியா ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 100க்கு எத்தனை மார்க்குன்னு போடுங்க. ஸ்டாப்புல 20 நிமிஷம் சும்மா நிக்கறது 30 இருக்கலாம். வீட்டுக்காரர் பின் சீட்டுல, நீங்க முன்னாடி, திருமுருகன்பூண்டி வரைக்கும் 45. அதே தூரம் தனியா 60. காலையில கூட்டத்துல நின்னுக்கிட்டே திருப்பூர் வரைக்கும் 90. ஒரு படியை வாரத்துல நாலஞ்சு தடவை செஞ்சு, மார்க்கு பாதியாக் குறைஞ்ச பிறகு அடுத்தது.

தப்பு நடக்கறது எங்கன்னா, பயம் உச்சத்துல இருக்கறப்ப நடுவுல இறங்கிடறது. "இறங்கினதாலதான் பிழைச்சோம்"னு மனசு பாடம் படிச்சிடும். அப்படி இறங்கிட்டா அன்னிக்கே ஒரு படி கீழ போய் மறுபடி செய்யுங்க. வழி முழுக்க போன்ல பேசிக்கிட்டே போறதும் ஊன்றுகோல்தான், மெல்ல விடணும்.

பெருந்துறை: நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டுது. பயமா, இருதயமாங்க?

முதல் தடவைன்னா டாக்டரைப் பாத்து ஈசிஜி எடுத்துடுங்க. வலி இடது கை, தாடைக்குப் பரவினா, குப்புன்னு வேர்த்தா யோசிக்காம 108. இருதயம் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் இது பயம். திடீர்னு வர்ற பயம் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானா இறங்கும். மூக்கு வழியா 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். பலபேர் வேகமா, ஆழமா இழுப்பாங்க. அதுல ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு தலை சுத்தல் கூடும். காலையும் மாலையும் சும்மா இருக்கறப்பவே பழகுங்க, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டக்கூடாது.

காங்கேயம்: ஒரு குவார்ட்டர் போட்டா தைரியம் வருதுங்களே?

போதை இறங்கறப்ப நடுராத்திரியில படபடப்போட முழிப்பு வருமுங்க. செஞ்ச காரியத்துக்குப் பேரும் பாட்டிலுக்குத்தான் போகும்.

கோபி: அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) அண்ணமார் கோயில் கயிறு கட்டிவிட்டாங்க. கழட்டிடணுமா?

எதுக்குங்க? இருக்கட்டும். கயிறு இல்லாத அன்னிக்கு வாசப்படி தாண்ட முடியலைன்னா மட்டும் யோசிங்க.

கரூர்: எப்ப டாக்டர்கிட்டப் போகணும்?

ரெண்டு வாரத்துக்கு மேல சோறு, தூக்கம், வேலை கெட்டா அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்க. சாகலாம்னு நினைப்பு வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க. 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க, ராத்திரி பகல் எந்நேரமும், காசில்லாம, தமிழ்லயே பேசுவாங்க.

அவிநாசி அம்மணியே மறுபடியும்: நல்லாப் போயிட்டிருந்து, திரும்பப் பயம் வந்துட்டா?

பண்டிகை லீவு, காய்ச்சல்னு இடைவெளி விழுந்தா வரும். ரெண்டு படி இறங்கி அங்கிருந்து ஏறுங்க. இந்தத் தடவை சீக்கிரம் ஏறிடுவீங்க.