தீவிர சிகிச்சையும் வகுப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்துவிட்டு இப்போது குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். இதே துறையில் தொடர்வதா என்று குழப்பமாக இருக்கிறது. தூக்கம் போய்விட்டது. வருமானத்தைப் பற்றி வீட்டில் கேட்கிறார்கள். ஒரு குழந்தை இறந்த இரவுக்கு மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்புவது பெரும்பாடாக இருக்கிறது. இதற்கு நடுவே ஜூனியர்களுக்கு வகுப்பு எடுக்கவும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு குழந்தைகளைக் கவனிக்கலாமே? எல்லாம் சிகிச்சை வழிகாட்டு நெறிகளில்தான் இருக்கிறதே, படித்துக்கொள்ள மாட்டார்களா? நீங்கள் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

வருமானத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது நீங்களும் வீட்டாரும் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. தூக்கத்துக்கு, ட்யூட்டிப் பட்டியலை மாற்றச் சொல்லி உங்கள் துறைத்தலைவரிடம் சண்டை போடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

குழந்தை இறந்த மறுநாள் காலையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது எத்தனை வருடமானாலும் பழகுவதில்லை. பழகாததால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போனீர்களே, அது போதும்.

ஆனால் வகுப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. சிகிச்சைக்கான நேரத்தைத் திருடி வகுப்புக்குக் கொடுப்பதாக நினைக்கிறீர்கள். கொஞ்ச நாளாகவே நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் விட மாட்டேன்.

உங்கள் துறை எப்படிப் பிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள், அதில் நிறையப் பேர் குழந்தைகள். உடம்பை உள்ளே வைத்து மூச்சு விட வைக்கிற இரும்பு நுரையீரல் என்ற எந்திரம் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. மார்பில் கவசம்போல மாட்டுகிற கருவிகள் ஆறு. அவற்றில் வைத்துப் பார்த்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போதுதான் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டார்கள். அவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, அதில் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தியே மூச்சுக் கொடுத்துக் காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

சரி, ஒருத்திக்கு ஒருவர் அழுத்தலாம். வார்டு நிறைய நோயாளிகள் இருந்தால்? சுமார் 1,500 மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில் இரவும் பகலும் அழுத்த வைத்தார்கள். பை சும்மா அழுத்துகிற சமாச்சாரம் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். நோயாளிக்கு வியர்த்துக்கொட்டி ரத்த அழுத்தம் ஏறினால், உள்ளே கரியமில வாயு தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைக் கவனிக்கிற கண், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாணவனுக்கு வேண்டும். இறப்பு மளமளவென்று குறைந்தது. மறுவருடம் இப்சன் தீவிர சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் இன்னும் இரண்டு நோயாளிகளைப் பார்த்திருக்கலாமே என்று இப்சனிடம் போய்ச் சொல்வீர்களா?

இன்னொருவர் பிராங்க் ஷான். மெல்போர்னில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்தியவர். அதற்கு முன்பு பப்புவா நியூ கினியில் கொரோகா என்ற ஊரில் வேலை பார்த்தார். இருமலோடு வருகிற குழந்தைகளில் யாருக்கு மருந்து கொடுப்பது, யாரை மருத்துவமனையில் சேர்ப்பது என்பதை எக்ஸ்ரே இல்லாமலே முடிவு செய்ய வழி தேடினார். மூச்சை எண்ணு, நெஞ்சு உள்வாங்குகிறதா பார். உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு நாடுநாடாகக் கொண்டுபோன முறைக்கு அந்த வேலை ஓர் அடிப்படை. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இதை எட்டினாலே வேகமான மூச்சு. ஒரு சுகாதாரப் பணியாளருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் கையில் கடிகாரத்தோடு முழு ஒரு நிமிடம் எண்ணினால் போதும். அதனால் ஐசியூ பக்கமே வராமல் வீடு திரும்பிய குழந்தைகளை நாம் பார்க்கவே மாட்டோம்.

வழிகாட்டு நெறிகளில் இருக்கிறதாம்! இருக்கிறது. எனக்குப் பாடம் சொன்ன டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குழந்தையின் பாதத்தைத் தொடாமல் மானிட்டரை நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு குழந்தையை ரவுண்ட்ஸில் காட்டி, “பி.பி. நார்மல் மேடம்” என்றான் ஒரு ஜூனியர். அவர் பதில் பேசவில்லை. அவன் கட்டைவிரலைப் பிடித்துக் குழந்தையின் நெஞ்செலும்பின் மேல் வைத்து, “அஞ்சு எண்ணுகிற வரைக்கும் அழுத்து. இப்போது எடு. வெள்ளை மறைகிற வரைக்கும் எண்ணு” என்றார். இரண்டுக்குள் மறைய வேண்டியது. நான்கு எண்ணியும் வெளுப்பு போகவில்லை. பாதம் சில்லென்று இருந்தது. “பி.பி. விழுந்த பிறகுதான் எனக்குச் சொல்வாயா?” என்று கேட்டாரே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. குழந்தையின் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கும். விடும்போது சட்டென்று விட்டுவிடும். நெறிகளில் இது ஒரு வரி. அந்த ஒரு வரியை அந்தப் பையன் விரலில் ஏற்றியது அவர். அவன் எந்த இரவு ட்யூட்டியில் இருந்தாலும் அந்த விரல் அவனோடு போகும்.

நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எல்லா இரவும் விழித்திருக்க முடியாது. நீங்கள் வீட்டில் படுத்திருக்கும் இரவில் உங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள் சொல்லிக்கொடுத்த ஜூனியரும் நர்ஸும்தான். நர்ஸை ஏன் வகுப்பில் சேர்க்கவில்லை? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. குழந்தை பக்கத்தில் அதிக நேரம் நிற்பது யார்?

அடுத்த வகுப்புக்கு ஸ்லைடு தயார் செய்யாதீர்கள். ஜூனியர்களில் இரண்டு பேரையும் அன்றைக்கு ட்யூட்டியில் இருக்கிற நர்ஸையும் ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போங்கள். குழந்தையின் அம்மா பக்கத்தில் இருந்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். பாதத்தில் ஆரம்பித்து, மூச்சை முழு நிமிடம் எண்ணச் சொல்லி, கடைசியில் மானிட்டரைக் காட்டுங்கள். பதினைந்து நிமிடம் போதும். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.