தம்பி செய்தது உண்மை. வக்கீல் பொய்ச் சாட்சிக்கு மறுக்கிறார்

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். என் தம்பிக்கு 19 வயது. காட்பாடி காந்தி நகரில் ஓர் ஆசிரியையின் சங்கிலியை அவனும் அவன் நண்பனும் பறித்ததாக வழக்கு. அந்த அம்மாவுக்குக் கையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அவர் ஊரில் எல்லோருக்கும் வேண்டியவர் என்பதால் முதலில் கேட்ட இரண்டு வக்கீல்கள் வழக்கை எடுக்கவில்லை. மூன்றாமவர் எடுத்து ஜாமீனும் வாங்கிக் கொடுத்தார். தம்பி அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டான்: அந்த அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது சங்கிலியைப் பறித்தார்களாம், இவர்களைத் துரத்தி ஓடிவந்தபோதுதான் அவர் விழுந்தாராம். சம்பவத்தன்று தம்பி தன்னோடு திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தான் என்று சாட்சி சொல்ல எங்கள் தாய்மாமன் தயாராக இருக்கிறார். இதைச் சொன்னதும் வக்கீல் கோபப்பட்டு, அப்படியென்றால் வழக்கிலிருந்து விலகிக்கொள்வேன் என்கிறார். தப்பு செய்தவன் என்று தெரிந்தே பணம் வாங்கிக்கொண்டு வாதாடலாம், சாட்சிக்கு ஆள் கொண்டுவந்தால் மட்டும் மனசாட்சி உறுத்துமா? அவர் விலகினால் தம்பி சொன்னதையெல்லாம் போலீசில் சொல்லிவிடுவாரோ என்று அம்மா தூங்காமல் கிடக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தாயாரின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் தம்பி தன் வழக்கறிஞரிடம் சொன்னதை அவர் போலீசிடமோ நீதிமன்றத்திலோ வெளியிட முடியாது. பாரதிய சாட்சிய அதிநியமம் 2023-இன் 132-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவாக இருந்ததும் இதுவே. கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்ற இந்தக் கடமை, வக்காலத்து முடிந்த பிறகும், அவர் வழக்கை விட்டு விலகிய பிறகும் தொடரும். அவருடைய குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்தும். தம்பிக்காக நீங்கள் போய்ச் சொன்ன விவரங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அதுதான். சட்டவிரோதமான ஒரு காரியத்தை நடத்துவதற்காகச் சொல்லப்பட்ட எதுவும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. ஆகவே, தம்பி செய்துமுடித்த குற்றத்தைப் பற்றி அவரிடம் சொன்னது பத்திரமாக இருக்கிறது. மாமாவைக் கொண்டு செய்யப்போவதாக நீங்கள் சொன்ன காரியத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் வழக்கறிஞர் உங்களைக் காட்டிக்கொடுப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்யக்கூடியவராக இருந்தால் முகத்துக்கு நேராகக் கோபப்பட்டிருக்க மாட்டார். அவரிடம் அந்தப் பேச்சை இனி எடுக்காதீர்கள். வேறொரு வழக்கறிஞரிடம் போனாலும் எடுக்காதீர்கள்.

இனி, குற்றவாளி என்று தெரிந்தும் வாதாடுகிறவருக்குப் பொய்ச்சாட்சி மட்டும் ஏன் கசக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் (பார் கவுன்சில்) நடத்தை விதிகள் இதை நேரடியாகவே பேசுகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் செய்திருப்பார் என்று தனக்குத் தோன்றுகிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் ஒரு வழக்கறிஞர் அவருக்காக வாதாட வேண்டும் என்றும், போதிய சாட்சியம் இல்லாமல் எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்று சொல்லும் சட்டத்துக்கே அவருடைய விசுவாசம் உரியது என்றும் 15-ஆவது விதி சொல்கிறது. அதே விதி, கட்சிக்காரரின் நலனை நேர்மையான, கண்ணியமான வழிகளில் காக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வழக்கறிஞர் விதியின் இரண்டு பகுதிகளுக்கும் கட்டுப்பட்டு நடக்கிறார். நீங்கள் முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைக் குறை சொல்கிறீர்கள்.

முதல் பகுதி ஏன் இருக்கிறது என்பதற்கு வேலூரில் பிறந்த ஒரு வழக்கறிஞர் வாதாடிய வழக்கையே சொல்லலாம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். அப்போது அவர்களுக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ், அதற்கு முன்பு அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் இருந்தவர். அன்றைக்குத் தெருவில் நின்று கேட்டிருந்தால், இவர்கள்தான் செய்தார்கள் என்று சத்தியம் செய்யவும் ஆள் இருந்திருக்கும். இன்னொரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் இதே வேலூர்ச் சிறைகளில் பல ஆண்டுகள் இருந்தவர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த 26 பேரும் பார்வைக்குக் குற்றவாளிகளாகவே தெரிகிறார்கள் என்று வழக்கறிஞர்கள் ஒதுங்கியிருந்தால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

உங்கள் தம்பியின் நிலை வேறு என்று எனக்குத் தெரியும். அவன் செய்ததை ஒப்புக்கொண்டிருக்கிறான். வழக்கறிஞருக்கு அது சந்தேகம் அல்ல, தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் அவர் வாதாடலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர்கள் முறையாக நிறைவேற்றினார்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்பது அவருடைய வேலை. சம்பவ நேரத்தில் தெருவிளக்கு எரிந்ததா, பறித்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தார்களா, நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்ததா, அதற்கு முன்பே தம்பியின் படம் யார் கண்ணிலாவது காட்டப்பட்டதா, அடகுக் கடையில் சங்கிலியைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில், அதாவது போலீசின் கைப்பற்றல் பதிவில், கையெழுத்துப் போட்ட சாட்சிகள் உண்மையிலேயே அங்கே இருந்தார்களா என்றெல்லாம் அவர் கேட்பார். இவற்றில் எதைக் கேட்பதற்கும் அவர் ஒரு பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தம்பியும் சொல்ல வேண்டியதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி அவனைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). விசாரணை முடிவில் நீதிபதி அவனிடம் கேட்கும் கேள்விகளுக்குச் சத்தியப் பிரமாணம் இல்லை. பேசாமல் இருந்ததற்காகத் தண்டனையும் இல்லை.

எங்கே கோடு விழுகிறது என்றால், தனக்குப் பொய் என்று தெரிந்த ஒன்றை நீதிமன்றத்தின் முன் உண்மை போல வைக்கும் இடத்தில்தான். குறுக்கு விசாரணையிலேயே இந்தச் சிக்கல் வருவதுண்டு. நம்முடைய நீதிமன்றங்களில் பதிவாகும் சாட்சியங்களை எடுத்துப் பாருங்கள். கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ‘நான் பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல.’ வழக்கறிஞர் அப்படி ஒரு கேள்வி போட்டார், சாட்சி மறுத்தார் என்று அதற்குப் பொருள். அடிபட்ட ஆசிரியை உண்மைதான் சொல்கிறார் என்று தெரிந்த ஒருவர் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைப் போடலாமா என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வெறும் சம்பிரதாயம் என்பார்கள் சிலர். வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டு நிறுத்திக்கொள்வதே போதும், அந்த அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்வது நியாயத்துக்கும் உதவாது, வழக்குக்கும் உதவாது என்பது என் கட்சி. ஆனால் உங்கள் மாமா விஷயத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. நடக்காத கிரிவலத்தை நடந்ததாகச் சொல்ல ஒருவரைத் தெரிந்தே கூண்டில் ஏற்றும் வழக்கறிஞர், அந்தக் குற்றத்தில் தானும் ஒரு பங்காளியாகிறார்.

அந்தக் கிரிவலம் நிற்கப்போவதும் இல்லை. சம்பவ இடத்தில் தான் இல்லை என்று சொல்பவர், வேறெங்கே இருந்தார் என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும். மாமாவின் கைபேசி அன்று மாலை எந்த டவரில் இருந்தது என்று அரசுத் தரப்பு எடுத்துப் போட்டால், அது திருவண்ணாமலையைக் காட்டாமல் குடியாத்தத்தைக் காட்டும். அண்ணாமலையார் பெயரைச் சொன்னதற்காக டவர் இடம் மாறாது. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவின் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தப் பொய்யைத் தூண்டியவர் என்று நீங்களும் சேர்க்கப்படலாம். அதோடு, சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்து நடக்கும் வழக்கில் பொய்யான அலிபி, அதாவது வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லும் வாதம், அரசுத் தரப்பின் சாட்சியத் தொடருக்கு இன்னொரு கண்ணியாகச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உங்கள் தம்பிக்கு இருக்கும் நல்ல வாதத்தை மாமாவின் சாட்சி அடித்துப் போட்டுவிடும். எந்தப் பிரிவில் வழக்கு என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் காயம் இருப்பதால் குற்றப்பத்திரிகை பெரும்பாலும் அதே சன்ஹிதாவின் 309(6), அதாவது கொள்ளையின்போது வேண்டுமென்றே காயப்படுத்தியது என்ற பிரிவில் இருக்கும். அதற்கு ஆயுள் தண்டனையோ 10 ஆண்டுகள் வரை கடுங்காவலோ விதிக்கலாம். ஆனால் திருட்டு கொள்ளையாக மாற வேண்டுமானால், பறிப்பதற்காகவோ பறித்ததைக் கொண்டுபோவதற்காகவோ வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்க வேண்டும், அல்லது மிரட்டியிருக்க வேண்டும். கேட் அருகில் நின்றிருந்தவரிடம் சட்டென்று பறித்துக்கொண்டு ஓடினார்கள், அவர் துரத்தி ஓடிவந்து தடுக்கி விழுந்தார் என்பது உண்மையானால், அது 304-ஆவது பிரிவின் பறிப்புக் குற்றம் மட்டுமே என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. அதற்கு உச்சபட்ச தண்டனை 3 ஆண்டுகள். இந்த விவரம் வழக்கறிஞருக்கு எப்படித் தெரிந்தது? தம்பி உண்மையைச் சொன்னதால். அவனே அங்கே இல்லை என்று மாமா சாட்சி சொன்ன பிறகு, அந்த அம்மா எப்போது விழுந்தார், எப்படி விழுந்தார் என்று வாதாடினால் எந்த நீதிபதி அதைக் காதில் வாங்குவார்?

எந்தப் பிரிவு என்பது தண்டனைக் காலத்தோடு நிற்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, 21 வயதுக்குக் குறைவானவர் குற்றவாளி என்று முடிவானால், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விடுவது பொருந்தாது என்று காரணம் எழுதினால் ஒழிய சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது. ஆனால் ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 309(6) என்றால் கதவு அடைபட்டுவிடும். 304 என்றால் திறந்திருக்கும். இதில் வயது, சம்பவ நாளில் பார்க்கப்படுவதில்லை. விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளில் பார்க்கப்படும். ஆகவே வீணாக வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுப்பது உங்கள் தம்பிக்கு நல்லதல்ல.

வழக்கறிஞர் விலகலாமா என்றால், போதிய காரணம் இருந்து, உரிய முன்னறிவிப்பும் கொடுத்தால் விலகலாம். முறைகேடான வழியில் பிடிவாதமாக நிற்கும் கட்சிக்காரரை விட்டுவிடவும் விதிகள் இடம் கொடுக்கின்றன. விலகினால், செய்யாத வேலைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். கட்டணம் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. உச்ச நீதிமன்றம் 2000-இல் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் மறுத்த இரண்டு பேரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசிரியை தங்களுக்கு நெருங்கியவர் என்பது ஒரு தனி வழக்கறிஞர் மறுக்க ஏற்கத்தக்க காரணம்தான். ஒரு சங்கமே கூடி இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடுவதுதான் செல்லாது. கோயம்புத்தூரில் எழுந்த அப்படியொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் அவ்வாறு தீர்ப்பளித்தது.

ஆனால் அவர் விலகும் நிலைக்குப் போக விடாதீர்கள். நாளைக்கே தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், மாமா பேச்சை விட்டுவிட்டோம் என்று சொல்லுங்கள். அந்த ஆசிரியையையோ அவர் வீட்டாரையோ சமாதானம் பேச என்று யாரும் போய்ப் பார்க்க வேண்டாம். சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். இதற்குப் பிறகும் வழக்கறிஞர் மனம் மாறாவிட்டால், சாத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரை நியமிக்கும் கடமை நீதிமன்றத்துக்கும் உண்டு.

போகும்போது இரண்டு காகிதங்கள் கையில் இருக்கட்டும். ஒன்று தம்பியின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். மற்றொன்று, அந்த அம்மா அன்று முதலில் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையாக இருந்தால் அது குற்றப்பத்திரிகையோடு தரப்பட்ட கட்டிலேயே இருக்க வேண்டும். அடிபட்டவர் எப்படிக் காயம்பட்டதாகச் சொன்னார் என்று மருத்துவர் அதில் ஒரு வரி எழுதியிருப்பார். தள்ளிவிட்டதில் விழுந்தார் என்று இருக்கிறதா, துரத்தும்போது விழுந்தார் என்று இருக்கிறதா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதல் வேலையாகப் பார்க்கட்டும்.