ஒரு சைடு பாட்டு, ஒரு கிளாஸ் பீர்

கேள்வி: அண்ணே, லண்டனுக்கு வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. ரெக்கார்டு பிளேயர் வாங்கிட்டேன், முதல் ரெக்கார்டு பிங்க் ஃப்ளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'. இதுக்கு எந்த கிராஃப்ட் பீர் செட் ஆகும், ஐபிஏ வாங்கட்டுமா?
- ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: ஐபிஏ வேணாம் தம்பி. அதோட உயிரே ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூவோட வாசனைதான், ஊத்தின புதுசுல தூக்கலா இருக்கும், நேரம் ஆக ஆக வாசனை அடங்கி கசப்பு மட்டும் நாக்குல நிக்கும். இந்த ஆல்பம் அப்படி இல்ல, இதயத்துடிப்பு சத்தத்துல மெதுவா ஆரம்பிச்சு 43 நிமிஷம் கழிச்சு அதே துடிப்புல முடியுது. இம்பீரியல் ஸ்டவுட் எடுங்க, வறுத்த பார்லில காய்ச்சின கெட்டியான கருப்பு பீர். ஃப்ரிட்ஜ்ல இருந்து ஊத்தி முதல் சைடு போட்டா வெறும் கருகின காபி ருசிதான் தெரியும், ரெக்கார்ட திருப்பிப் போட்டு 'மணி' பாட்டுல காசு சத்தம் கேக்குறப்ப கிளாஸ்ல குளிர் விட்டிருக்கும், அப்பதான் சாக்லேட்டு, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை எல்லாம் ஒண்ணொண்ணா மேல வரும். ஊர்ப் பொருத்தமும் இருக்கு. 18-ஆம் நூற்றாண்டுல ரஷ்ய அரசவைக்கு இந்த மாதிரி கெட்டி ஸ்டவுட் போனது லண்டன் சதர்க்ல இருந்த த்ரேல் ப்ரூவரில இருந்துதான், ஆல்பம் பதிவானதும் அதே லண்டன்ல, அபே ரோடு ஸ்டுடியோல, வந்தது 1973 மார்ச். ஆல்கஹால் 10% பக்கம் இருக்கும், 330 மில்லி பாட்டில ரெண்டு பேரா பிரிச்சுக்கோங்க.

கேள்வி: பிளாக் சபாத்துக்கு ஸ்டவுட்தான்னு என் வீட்டுக்காரர் அடிச்சு சொல்றார் சார். எனக்கு அது ரொம்ப கனமா இருக்கு. வேற வழி இல்லையா?
- பர்மிங்ஹாம் வாசகி

பதில்: இருக்கும்மா, அதுவும் உங்க ஊர்லயே இருக்கு. டார்க் மைல்ட். பாட்டு கனம்னா பீரும் கனமா இருக்கணும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன், அந்தப் பாட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும். சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பர்மிங்ஹாம்ல தகரத் தொழிற்சாலைல வேலை பாத்தவர், 17 வயசுல, வேலைய விட்டு நிக்கப்போற கடைசி நாள்ல மெஷின்ல வலது கை ரெண்டு விரலோட நுனி போயிடுச்சு. அவர் இடது கைக்காரர், கம்பிய அமுக்குறது அந்த வலது கையிலதான். பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு, மெல்லிசு கம்பி போட்டு வாசிச்சார், அப்புறம் 1971-ல மூணாவது ஆல்பத்துல சுருதியவே ஒன்றரை ஸ்வரம் கீழ இறக்கினார், அந்த இருட்டு சத்தம் அந்தக் காயத்துல இருந்து வந்தது. மைல்டும் அதே மண்ணு. வார்ப்பட உலையிலயும் சுரங்கத்துலயும் வேர்த்துக் கொட்டி வந்த ஆளுங்க தாகத்துக்கு குடிச்ச பீர், ஆல்கஹால் 3, 3.5 சதவீதம்தான், ஹாப்ஸ் கம்மி, லேசா டாஃபி இனிப்பு, அடியில கொஞ்சம் வறுத்த மால்ட், அதாவது முளைகட்டின பார்லி ருசி. 60-கள்ல இருந்து கெழவங்க குடிக்கிறதுன்னு ஒதுக்கி ஒதுக்கி பாதி பப்ல காணாமப் போச்சு, எனக்கு அது பெரிய வருத்தம். இப்ப சின்ன ப்ரூவரிங்க திரும்ப காய்ச்சுறாங்க, மே மாசம் கேம்ராங்கிற பிரிட்டன் பீர் பிரியர்கள் அமைப்பு மைல்டுக்குன்னே பிரச்சாரம் நடத்துது, அப்ப தேடுங்க. ஜில்லுன்னு வேணாம், 12 டிகிரி போதும். முதல் ஆல்பத்தோட குடிங்க, 1969 அக்டோபர்ல ஒரே நாள்ல பதிவு பண்ணினது, அதுல மழையும் மணியும் கேக்கும்போதே முதல் வாய் உள்ள போகணும்.

கேள்வி: கிரேட்ஃபுல் டெட், 'அமெரிக்கன் பியூட்டி'?
- சான் ஹோசே வாசகர்

பதில்: கலிஃபோர்னியா பேண்டுக்கு கலிஃபோர்னியா பீர், சியரா நெவாடா பேல் ஏல். ஆல்பம் 1970, பீர் 1980, பத்து வருஷம் பிந்திதான் வந்துச்சு, ஆனாலும் அந்த கேஸ்கேட் ஹாப்ஸோட கிரேப்ஃப்ரூட் வாசனையும் அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரே வெயில்ல காஞ்ச மாதிரி இருக்கும். காலமும் பொருந்தணும்னா சான் ஃபிரான்சிஸ்கோ ஆங்கர் ஸ்டீம்தான் சொல்லியிருப்பேன், 1965-ல ஃப்ரிட்ஸ் மேடேக் மூடப்போற ப்ரூவரிய வாங்கிக் காப்பாத்தினார். 2023-ல அத மூடிட்டாங்க. மனசு ஆறல.

கேள்வி: நான் குடிக்க மாட்டேன். எனக்கு ஏதாவது?
- மதுரை வாசகர்

பதில்: தாராளமா. ஆக்ஸ்ஃபோர்டுல சார்லஸ் ஸ்பென்ஸ்னு ஒரு பேராசிரியர் சத்தமும் ருசியும் எப்படி ஒட்டுதுன்னே ஆராய்ச்சி பண்றவர், தாழ்ந்த சுருதி கசப்பத் தூக்கிக் காட்டும், உயர்ந்த சுருதி இனிப்பத் தூக்கும்னு காட்டியிருக்காங்க. பால் விடாத காபிய கொஞ்சம் சக்கரையோட ரெண்டு டம்ளர்ல ஊத்துங்க, ஒண்ணு சபாத்துக்கு, ஒண்ணு 'அமெரிக்கன் பியூட்டி'க்கு. எந்த டம்ளர் கசந்துச்சுன்னு அடுத்த வாரம் எழுதுங்க.