மருந்தடிக்காத அரிசியில் 'ஆர்கானிக்' ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறேன். போன கார், பிசானம் இரண்டு போகத்திலும் பூச்சிமருந்து அடிக்கவில்லை, யூரியா மட்டும் கொஞ்சம் போட்டேன். 'மருந்தடிக்காத அரிசி' என்று நானே நேரில் விற்கிறேன். இப்போது ஒரு கடைக்காரர், 'ஆர்கானிக்' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தந்தால் விலை கூட்டித் தருகிறேன் என்கிறார். ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள் அண்ணாச்சி. யூரியா போட்ட வயலின் நெல்லை ஆர்கானிக் என்று விற்க முடியாது.

'மருந்தடிக்காதது' என்பதற்குச் சட்டத்தில் தனி வரையறை இல்லை. அது நீங்கள் தரும் வாக்கு, அவ்வளவுதான். களைக்கொல்லி தெளித்திருந்தால் அந்த வார்த்தையும் வேண்டாம். 'பூச்சிமருந்து அடிக்கவில்லை, யூரியா போட்டது' என்றே பையில் எழுதுங்கள். உள்ளதைச் சொல்லும் ஆளிடம் வாங்குகிறவர்கள் திரும்பவும் வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்கானிக் என்றால் எதுவுமே தெளிக்காதது என்றும் பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை, வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அதில் இடமுண்டு.

ஆர்கானிக் என்று கடைக்குக் கொடுக்க இரண்டு வழி. ஒன்று, ஏற்றுமதிக்கும் செல்லும் என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்று. கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை இதைத் தருகிறது. நெல்லுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டு மாறுகாலம் உண்டு, அதாவது ரசாயனத்தை விட்டு அங்கக முறைக்கு வயல் மாறும் காலம். இன்னொன்று பி.ஜி.எஸ். எனும் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. உள்ளூர் விற்பனைக்கு இதுவே போதும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்து, விளைவித்தவரே சாப்பிடுகிறவருக்கு நேராக விற்றால் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஆர்கானிக் உணவுக்கான அரசின் ஜைவிக் பாரத் முத்திரை போட முடியாது. கடை வழியாகப் போனால் அந்த விலக்கும் பொருந்தாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் தண்ணீர்தான். ஆற்றுப் பாசனத்தில் மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்பு மடை வழியாக உங்கள் வயலுக்கு இறங்கும். அவர் தெளித்த களைக்கொல்லியும் கூடவே வரும். வாய்க்காலிலிருந்து தனி மடை கிடைக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் மேல் வயல்காரரையே பி.ஜி.எஸ். குழுவில் சேர்க்கப் பேசுங்கள்; நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

அப்புறம், சின்னதாகத் தெரிகிற விஷயங்கள். பழைய யூரியாச் சாக்கில் நெல்லைக் கட்டாதீர்கள். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை இரவல் வாங்காதீர்கள். அறுவடை மெஷின் பக்கத்து வயலிலிருந்து நேராக வந்தால், உள்ளே தங்கிய நெல்லைத் தட்டிவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

யூரியாவுக்குப் பதிலாக, நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். விதைத்த நாள், உழுத நாள், போட்ட உரம் எல்லாவற்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். சான்றுக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.