மூன்று பென்னிக்காகவா ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்தார்கள்?

‘ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தேயிலைக்கு வெறும் 3 பென்னி வரி. அதற்காகவா அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்துப் புரட்சி செய்தார்கள்? வரி கட்ட மனமில்லாதவர்களின் சண்டைதானே அது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். வழிகாட்டி நூல்கள் இந்த விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன. உங்கள் மேல் தவறில்லை.

ஆனால் ‘வரி கட்ட மனமில்லாதவர்கள்’ என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு நகராட்சியில் 29 ஆண்டுகள் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரி கட்ட மனமில்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன், கட்ட மாட்டேன் என்று சொன்ன நேர்மையாளர்களையும் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒன்றல்ல.

சொத்து வரிச் சீராய்வு நடந்த ஓர் ஆண்டு. என் வார்டில் நெசவாளர் தெரு ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரியவர், ஒவ்வோர் அரையாண்டும் நான் போவதற்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து பணம் கட்டி ரசீது வாங்கிப் போகிறவர். அந்த முறை வரவில்லை. கேட்பு அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு நான்காக மடித்து, தறிக்குப் பக்கத்தில் இருந்த நூல் கண்டுக் கூடைக்குள் போட்டார். கூடியிருந்தது 38 ரூபாய்.

“ரூபாய் பெரிதில்லை தம்பி. என் வீட்டை அளந்தது யார்? நான் வெளியூர் போயிருந்த நாளில் வந்து, உள்ளே இருந்த மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தெருவில் நின்றே பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கட்ட மாட்டேன். ஜப்தி செய்வதானால் செய்துகொள்ளுங்கள்” என்றார்.

அலுவலகத்தில் சொன்னேன். ‘அளந்தது அளந்ததுதான், வசூலித்துக்கொண்டு வா’ என்றார்கள். மறுவாரம் என் சொந்தப் பொறுப்பில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். நாடாவின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்தேன். கூடம், தறிக்கூடம், சமையற்கட்டு என்று இருவருமாக அளந்தோம். நான் கணக்கை முடிக்கப் போனபோது, “திண்ணையை விட்டுவிட்டீர்களே” என்று அவரே முனையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கூட்டிப் பார்த்தால், நோட்டீஸில் இருந்ததைவிடப் பரப்பு கூடுதலாக வந்தது. கூடுதல் தொகையையும் சேர்த்து அன்றே எண்ணி வைத்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அன்று பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் பாஸ்டன் துறைமுகத்துக்கு வாருங்கள். 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தேயிலைச் சட்டம் ஒரு பென்னிகூடப் புதிய வரி விதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது; லண்டன் கிடங்குகளில் சுமார் ஒன்றே முக்கால் கோடி ராத்தல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதை அமெரிக்காவுக்கு நேரடியாக அனுப்பி விற்கக் கம்பெனிக்கு அனுமதி தந்து, இங்கிலாந்தில் கட்டிய தீர்வையையும் திருப்பித் தந்தார்கள். கள்ளக்கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையைவிடவும் மலிவாக அது கிடைத்திருக்கும். அந்த மலிவுத் தேயிலையைத்தான் 1773 டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளைப் பிளந்து கடலில் கொட்டினார்கள். கப்பல் வந்த இருபது நாளுக்குள் தீர்வை கட்ட வேண்டும்; அந்தக் கெடு மறுநாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றிக் கரையில் இறக்கிவிடும் என்பதால் அந்த இரவு. விலை கூடியதால் வந்த கோபமென்றால் இது நடந்திருக்குமா?

அந்த 3 பென்னி, 1767-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த சட்டத்தின் மிச்சம். கண்ணாடி, காகிதம், ஈயம், வர்ணம் ஆகியவற்றின் மீதான வரிகளை 1770-இல் நீக்கியவர்கள், தேயிலை வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காக. வழிகாட்டி நூல்கள் விட்டுவிடும் இடம் அடுத்து வருகிறது: அந்த வரிப் பணம் எதற்கு? ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க. அதுவரை மாசசூசெட்ஸில் ஆளுநரின் சம்பளத்தை அங்குள்ள மக்கள் சபைதான் ஒதுக்கியது. ஆளுநரைக் கொஞ்சமாவது கட்டி வைத்திருந்த கயிறு அது ஒன்றுதான். 1772-இல் ஆளுநர் ஹட்சின்சன் இனிமேல் தன் சம்பளம் மன்னரிடமிருந்து வரும் என்று அறிவித்தார். நீதிபதிகளுக்கும் அதே ஏற்பாடு என்ற செய்தி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாஸ்டன் அரசியல் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியில் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு அமைந்து, ஊர் ஊராகக் கடிதங்கள் போகத் தொடங்கின. தங்கள் பணத்திலேயே தங்களுக்குக் கட்டுப்படாத அதிகாரிகளை உருவாக்குகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பிரிட்டனுக்கும் நியாயம் இருந்தது, மறைக்க மாட்டேன். 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போர் அதன் கடனை ஏறத்தாழ இரு மடங்காக்கியிருந்தது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் அமெரிக்கர்களைவிட மிக அதிகமாக வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் நிறுத்திய படைக்குச் செலவில் ஒரு பங்கு கேட்டது தவறென்று நான் சொல்லவில்லை. கேட்ட விதம்தான் தவறு. அமெரிக்கர்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் அவர்களைக் கேட்காமலே வரியை முடிவு செய்தது.

1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டுகள் வரை எல்லாமே முத்திரையிட்ட தாளில் இருக்க வேண்டும். அதை விநியோகிக்க பாஸ்டனில் ஆண்ட்ரூ ஆலிவர் என்பவர் நியமிக்கப்பட்டார். முத்திரைத் தாள்கள் ஊருக்கு வந்து சேருவதற்கு முன்பே, ஆகஸ்ட் 14 அன்று, அவருடைய கொடும்பாவியை ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். மாலையில் அதன் தலையை வெட்டினார்கள், வீட்டையும் தாக்கினார்கள். மறுநாளே பதவி வேண்டாம் என்று ஆலிவர் விலகிக்கொண்டார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. வரியை முடிவு செய்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். கல் விழுந்தது வசூலிக்க நின்றவன் வீட்டு ஜன்னலில். என் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தவர்களும் உண்டு. ஆலிவருக்கு நடந்தது அநியாயம் என்று இன்றும் சொல்வேன், புரட்சியின் காரணத்தை ஏற்றுக்கொண்டே சொல்வேன்.

அந்தச் சட்டம் 1766 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கே ‘எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு’ என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், நாடாவின் முனையைக் கொடுக்கவில்லை. தேயிலைக்குப் பின் 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள். ஊர்க் கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூட ஆளுநர் அனுமதி வேண்டும் என்றார்கள். மறு ஏப்ரலில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது.

‘அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு உரிமைப் பேச்சா?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூர்வகுடிகளின் நிலத்துக்குள் போகாதே என்று 1763-இல் மன்னர் கோடு கிழித்ததும் அவர்களுடைய கோபங்களில் ஒன்று. அவர்களைப் புனிதர்களாக்க இதை எழுதவில்லை. 3 பென்னிக்கான சண்டை என்று சுருக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவே.

இதையெல்லாம் நான் படித்தது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், மாலை வசூல் முடிந்த நேரங்களில். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் அது. 29 ஆண்டுகள் ரசீதில் அந்தக் கட்டத்தை என் கையால் நிரப்பினேன். போன மழையில் அந்த நூலகத்தின் வரலாற்று அலமாரிக்கு மேலேயே கூரை ஒழுகியது. நூலகர் தன் செலவில் தார்ப்பாய் வாங்கி மூடியிருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த நூலக வரி அந்த நூலகத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இரண்டு முறை மனுப் போட்டேன், பதில் இல்லை. உள்ளாட்சித் தணிக்கையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்தக் கணக்கை எங்கே கேட்டுப் பெறுவது என்று கீழே எழுதுங்கள்.