பென்குயின்களின் இல்லறம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. ஆண் பென்குயின் கடற்கரை முழுக்கத் தேடி, இருப்பதிலேயே அழகான கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து பெண்ணின் காலடியில் வைக்கிறது. அவள் ஏற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் இருவரும் ஒன்று. பிறகு அவள் இரை தேடப் போக, இவர் பனிப்புயலில் முட்டையைக் காலில் சுமந்து மாதக்கணக்கில் பட்டினி நிற்கிறார். கடைசியில் ‘மனிதர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி. என் கணவர் பார்த்துவிட்டு, “நல்லவேளை, நான் பென்குயின் இல்லை” என்றார். இதெல்லாம் உண்மையா? எல்லாப் பென்குயின்களும் இப்படித்தானா? பனிக்கரடி ஏன் பென்குயினைத் தின்பதில்லை என்று என் எட்டு வயது மகள் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கீதா

அன்புள்ள கீதா,

முதலில் மகளுக்குப் பதில். பனிக்கரடி இருப்பது வடதுருவப் பக்கம், பென்குயின்கள் இருப்பது பூமியின் தென்பாதியில். இரண்டும் சந்திக்க வழியே இல்லை. பென்குயினைத் தின்ன அங்கே வேறு ஆட்கள் உண்டு. கடலில் சிறுத்தைச் சீலும் ஓர்கா திமிங்கலமும். கரையில் முட்டையையும் குஞ்சையும் தூக்கிப்போக ஸ்கூவா என்ற பறவை.

இனி அந்தக் காணொளி. அதில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கல் பொறுக்குவது ஒரு பறவை, பனிப்புயலில் முட்டையைச் சுமந்து நிற்பது வேறொரு பறவை. முதலாவது அடேலி பென்குயின், இரண்டாவது எம்பரர் பென்குயின். அடேலி கூட்டில் படுத்து அடைகாக்கிறது. எம்பரர் கூடே கட்டுவதில்லை. அது குஞ்சு பொரிக்கும் கடற்பனியில் பொறுக்குவதற்குக் கல்லும் கிடையாது. இரண்டையும் வெட்டி ஒட்டி ஓர் உத்தம புருஷனைத் தயாரித்திருக்கிறார்கள்.

பென்குயின்களில் 18 வகை என்பது பொதுவான கணக்கு. எம்பரர் நான்கடி உயரம், நல்ல பருவத்தில் 40 கிலோ. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் வாழும் குட்டிப் பென்குயின் ஓரடிக்குச் சற்று மேல், ஒரு கிலோ. நாம் எல்லாவற்றையும் பனிமேல் நிறுத்தித்தான் கற்பனை செய்கிறோம். ஆனால் கலாபகோஸ் பென்குயின் நிலநடுக்கோட்டிலேயே வாழ்கிறது, குளிர்ந்த நீரோட்டம் ஒன்றின் தயவில். நியூசிலாந்தின் மஞ்சள்கண் பென்குயின் காட்டுக்குள்ளும் புதர் மறைவிலும் கூடு வைக்கும். பக்கத்துக் கூடு கண்ணில் படக்கூடாது அதற்கு. லட்சக்கணக்கில் நெருக்கியடித்து வாழும் இனத்தில் இப்படியும் ஒரு சங்கோஜி!

அதனால் ‘பென்குயின் எப்படி வாழ்கிறது’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்த வகையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். கூட்டிலிருந்து மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? யார் அடைகாப்பது, யார் எத்தனை நாள் பட்டினி கிடப்பது, ஜோடி நிலைப்பதா உடைவதா, எல்லாம் பெரும்பாலும் அந்தத் தூரத்திலிருந்து வருகிறது.

கல்லைப் பார்ப்போம். அடேலி அக்டோபரில் அண்டார்க்டிகாவின் கரைக்கு வருகிறது. ஆண்கள் முதலில். பனி உருகத் தொடங்கியதும் பாறைத்தரையில் நீர் ஓடும். அந்த நீரில் முட்டை கிடந்தால் குளிர்ந்து வீணாகிவிடும். அதனால் சிறு கற்களைக் குவித்து மேடாக்கி, நடுவில் குழித்துக் கூடு செய்கிறது. கல்லைப் பெண்ணின் முன் வைப்பதும் தலை குனிவதும் உண்டுதான். ஆனால் அது மோதிரம் இல்லை, கட்டுமானப் பொருள். அழகான கல்லும் வேண்டாம், அலகுக்குள் அடங்கினால் போதும். ஒரு கல்லோடு நிற்பதுமில்லை, நூற்றுக்கணக்கில் வேண்டும். பென்குயின்கள் கூட்டமாகக் கூடு வைக்கும் இடத்தைக் காலனி என்பார்கள். அங்கே கற்களுக்கு எப்போதும் பஞ்சம்.

எனவே திருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கும் நேரம் பார்த்து ஒன்று மெல்ல வரும். தலையைத் தாழ்த்தி, எங்கோ போகிறவர்போல நடந்து, கூட்டின் ஓரத்திலிருந்து ஒரு கல்லை லபக்கென்று எடுத்துக்கொண்டு திரும்பும். தன் கூட்டில் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்பும்போது, இதனுடைய கல்லை இன்னொன்று எடுத்துக்கொண்டிருக்கும். மாட்டிக்கொண்டால் கொத்தும் இறக்கையடியும் கிடைக்கும். அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் 1990களில் ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். ஜோடியுள்ள சில பெண் பறவைகள் தனியாக இருக்கும் ஆணின் கூட்டுக்குப் போய், அதனுடன் கூடிவிட்டு, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பின. கூடாமலேயே ஏமாற்றிக் கல் எடுத்து வந்தவையும் உண்டு. இந்தக் காட்சியை உங்கள் குடும்பக் குழுவில் யாரும் போட மாட்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருக்கு இதே சங்கடம் வந்தது. தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் அண்டார்க்டிகப் பயணக் குழுவில் மருத்துவராகப் போன ஜார்ஜ் மர்ரே லெவிக், 1911–12 கோடையில் அடேர் முனையின் அடேலி காலனியைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். இறந்த பெண் பறவைகளோடு இளம் ஆண்கள் கூட முயன்றதைக் கண்டு அதிர்ந்துபோய், அந்தப் பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் மறைத்து எழுதினார். அதைச் சிறு பிரசுரமாக அச்சிட்டபோதும் வெளியிடுவதற்கல்ல என்று குறித்துச் சிலருக்கு மட்டுமே கொடுத்தார்கள். பொதுவில் வந்தது 2012இல்தான். அந்த இளம் ஆண்களை ஒழுக்கம் கெட்ட ரவுடிகளாகவே லெவிக் பார்த்தார். அனுபவமில்லாத இளம் ஆண், உறைந்து கிடக்கும் உடலின் கிடப்பை இணங்கும் பெண்ணின் கிடப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கம். பென்குயினை அயோக்கியன் என்றவரும் உத்தமன் என்கிற காணொளிக்காரரும் செய்வது ஒரே வேலைதான். நிமிர்ந்து இரண்டு காலில் நடக்கிறது, கறுப்புக் கோட்டு வேறு. நம்மால் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, ஆயுசுக்கும் ஒரே ஜோடியா? கூடு கட்டும் பென்குயின்களில் ஆணும் பெண்ணும் வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்புகின்றன. இரண்டும் உயிரோடு வந்து சேர்ந்தால் மறுபடி சேர்வது எளிது. மனைவியைவிட மனைமேல்தான் பிடிப்பு அதிகம் என்றுகூடச் சொல்லலாம். அடேலிக்குக் கிடைக்கும் கோடை மிகச் சிறியது. பழைய துணை வரச் சில நாள் தாமதித்தாலே வேறொன்றோடு சேர்ந்துவிடும். போன தடவை குஞ்சு பிழைக்காத ஜோடிகள் பிரிவது பல வகைகளில் அதிகம்.

எம்பரருக்குக் கூடும் இல்லை, திரும்பி வந்து நிற்க ஓர் இடமும் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவில் பழைய துணையைக் குரலால் மட்டுமே தேட வேண்டும். அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. விளைவு, அடுத்த ஆண்டும் அதே துணையோடு சேர்பவை ஏறத்தாழ 15 விழுக்காடுதான். காணொளியின் கதாநாயகன், விசுவாசத்தில் பென்குயின்களிலேயே கடைசி வரிசை.

ஆனால் அந்தப் பட்டினி முழு உண்மை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மே, ஜூனில் பெண் ஒரே ஒரு முட்டை இடுகிறது. அதை ஆணின் காலுக்கு மாற்ற வேண்டும். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நிற்பார்கள். பெண் கால்களை விலக்கி முட்டையைப் பனியில் விடும். ஆண் அலகால் அதை உருட்டித் தன் பாதங்கள்மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோல்மடிப்பை இறக்கி மூடும். தடுமாறி, முட்டை பனியில் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடந்தால் உறைந்துவிடும். முதல்முறை ஜோடிகள் பல இங்கேயே தோற்கின்றன.

பிறகு பெண் கிளம்பிவிடும். குளிர்காலக் கடற்பனியில் திறந்த நீர் பல பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி அடைகாக்கிற ஏற்பாடு அங்கே செல்லாது. அதனால் ஆண் சுமார் 65 நாள் ஒற்றையாய் அடைகாக்கிறது. காலனிக்கு வந்து ஜோடி தேடிய நாட்களையும் சேர்த்தால் நான்கு மாதம் போல வயிற்றில் ஒன்றும் விழுவதில்லை. உடல் எடையில் பாதியளவு கரைகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி. நெருக்கி நிற்கும் கூட்டத்தின் நடுவில் 20 டிகிரிக்கு மேலேயே போகும். வெளி ஓரத்தில் நிற்பவை நகர்ந்து நகர்ந்து உள்ளே வர, உள்ளே இருந்தவை வெளியே வருகின்றன.

பெண் திரும்பி வருமுன் குஞ்சு பொரித்துவிட்டால், தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால்போன்ற ஒன்றை ஆண் ஊட்டும். அதற்குப் பிறகும் பெண் வராவிட்டால்? உடம்பின் சேமிப்பு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் முட்டையையோ குஞ்சையோ விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். காணொளி இதைக் காட்டாது. ஆனால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது நின்று செத்தால் குஞ்சும் சாகத்தான் செய்யும். பிழைத்தால் அடுத்த குளிர்காலம் உண்டு.

இத்தனை பாடுபட்டுக் குளிர்காலத்தில் முட்டையிடுவது எதற்கு? குஞ்சு வளர்ந்து கடலில் இறங்கும் டிசம்பர் வாக்கில் பனி உடைந்து இரை பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் எல்லாம் போயிற்று. 2022இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹாசன் கடலின் ஒரு பகுதியில், குஞ்சுகளுக்கு நீர்புகா இறகு முளைக்கும் முன்பே கடற்பனி உடைந்தது. அங்கிருந்த ஐந்து காலனிகளில் நான்கில் அநேகமாக ஒரு குஞ்சும் தப்பியிருக்காது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதை அவர்கள் கண்டது செயற்கைக்கோள் படங்களில். வெள்ளைப் பனிமேல் எச்சத்தின் பழுப்புக் கறையை வைத்துத்தான் காலனிகளையே கண்டுபிடிக்கிறார்கள்.

எந்தக் காணொளியிலும் வராத இன்னொன்று, இறகு உதிர்ப்பு. மற்றப் பறவைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டாக இறகு மாற்றும். பென்குயின் மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றுகிறது. இரண்டிலிருந்து ஐந்து வாரம் வரை பிடிக்கும். புதிய இறகு பழையதை வெளியே தள்ள, கழுத்திலும் முதுகிலும் பஞ்சு பிய்ந்த தலையணை மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில் தண்ணீர் உடம்பில் ஏறும், அதனால் கடலில் இறங்க முடியாது, அதனால் சாப்பாடு இல்லை. முன்கூட்டியே தின்று கொழுத்துவிட்டு வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நிற்கும். பார்ப்பவர்கள் நோய் வந்த பறவை என்று நினைப்பார்கள். போதுமான கொழுப்பில்லாமல் உதிர்க்கத் தொடங்கியவை செத்தும் போகும். எனக்கு எம்பரரின் குளிர்காலத்தைவிட இதுதான் கடுமையாகத் தோன்றுகிறது. அங்கே முட்டையாவது உண்டு.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மகளுக்குப் பிடிக்கும். கூட்டைக் காக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அவை ஒவ்வொரு முறையும் சராசரியாக 4 விநாடிதான் தூங்குகின்றன. அப்படி ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல். கூட்டினால் 11 மணி நேரத்துக்கு மேல் வருகிறது.

கடைசியாக ஆப்பிரிக்கப் பென்குயின். தென்னாப்பிரிக்கா, நமீபியா கரைகளில் வாழ்கிறது, கழுதைபோலக் கத்தும். பல தலைமுறை எச்சம் இறுகிய மேட்டில் வளை தோண்டி, வெயில் படாமல் முட்டையிட்டு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி ஏற்றுமதி செய்துவிட்டார்கள். இப்போது மணலிலும் புதரடியிலும் கூடு. அப்பாவும் அம்மாவும் மாறி மாறிக் கடலுக்குப் போய், மத்தியும் நெத்திலியும் பிடித்து வந்து ஊட்டுவார்கள். எம்பரரின் நான்கு மாதப் பட்டினி இதற்குத் தெரியாது, தாங்கவும் தாங்காது. மீன் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி அமைந்த குடும்பம் இது.

அந்த மீன் இடம் மாறிக்கொண்டும் குறைந்துகொண்டும் இருக்கிறது. எஞ்சியதற்குப் படகுகளோடு போட்டி. 2000இல் ‘ட்ரெஷர்’ என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் பரவியபோது ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பறவைகளைக் கழுவினார்கள். எண்ணெய் படாத 19,000க்கும் மேற்பட்ட பறவைகளைப் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற கணக்கு. அது பலித்தது. ஆனால் மீன் குறைவதைக் கழுவித் தீர்க்க முடியாது. 2024இல் இந்த இனம் மிக அருகிய நிலைக்குப் போனது, இன்று இனப்பெருக்க ஜோடிகள் 10,000க்கும் குறைவு. பறவை அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகு, 2025 மார்ச்சில் மீன்பிடித் தொழில்துறையோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆறு முக்கியக் காலனிகளைச் சுற்றி மத்தியும் நெத்திலியும் வளைக்கும் பெரிய படகுகளுக்குப் பத்தாண்டுத் தடை. அந்தக் காலனிகளில் குஞ்சுகள் எத்தனை கடலில் இறங்குகின்றன என்பதை இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.